இன்ஃபினிட்டி காண்ட்லெட் காமிக்ஸ் படிக்கிறப்போ பண்ணக்கூடாத தப்புங்க

மார்வெல் படத்த பாத்துட்டு, சரி ஒரிஜினல் கதைய படிச்சுப் பாப்போம்னு காமிக்ஸ் பக்கம் வர்றவங்க நெறைய பேர். ஆனா பாதில குழம்பிப்போய் மூடி வச்சிடுறாங்க, அது எனக்கு நெஜமாவே வருத்தமா இருக்கும், ஏன்னா 1991ல வந்த அந்த ஆறு இஷ்யூ கதை அவ்ளோ நல்லா இருக்கும். எழுதினது ஜிம் ஸ்டார்லின், ஆரம்பத்துல வரைஞ்சது ஜார்ஜ் பெரஸ், நடுவுல இருந்து ரான் லிம்.

முதல் தப்பு, நேரா அந்த ஆறு இஷ்யூவ எடுத்து உக்காந்துடுறது. அதுல முதல் பக்கத்துலயே வில்லன் தானோஸோட கையுறைல (அதுதான் காண்ட்லெட்) ஜெம்னு சொல்ற ஆறு சக்திக் கல்லும் இருக்கும். அது எப்படி வந்துச்சுன்னு தெரியணும்னா 1990ல வந்த தானோஸ் குவெஸ்ட் ரெண்டு இஷ்யூவ மொதல்ல படிங்க. அதுல தானோஸ் முக்காவாசி மூளைய வச்சுதான் ஜெயிப்பான். சாம்பியன்னு ஒரு சண்டைக்காரன் கிட்ட பவர் ஜெம் இருக்கும், அது என்னன்னே அவனுக்கு முழுசா தெரியாது, சண்டைல அவன் அடிச்ச அடில அவன் நின்னுட்டு இருந்த கிரகமே உடைஞ்சு போயிடும், உன்ன இங்கேருந்து கூட்டிட்டுப் போறேன் பதிலுக்கு கல்ல குடுன்னு தானோஸ் பேரம் பேசி வாங்கிடுவான். ரன்னர்னு ஒரு ஓட்டக்காரன்கிட்ட இருந்து ஸ்பேஸ் ஜெம்ம எடுத்துட்டு அவன கைக்குழந்தையா மாத்தி, அந்தக் குழந்தையவே கலெக்டர்னு அரிய பொருள் சேக்குற ஒருத்தன்கிட்ட குடுத்து ரியாலிட்டி ஜெம் வாங்குவான். இத படிச்சவங்களுக்குத்தான் தானோஸ் எவ்ளோ ஆபத்தானவன்னு புரியும்.

அடுத்தது கல்லோட கலர். படத்துல பாத்த கலர மனசுல வச்சுட்டு பழைய காமிக்ஸ் படிச்சா ஒண்ணும் ஒத்து வராது. அங்க சோல் பச்சை, மைண்ட் நீலம், பவர் சிவப்பு, டைம் ஆரஞ்சு, ஸ்பேஸ் ஊதா, ரியாலிட்டி மஞ்சள். பேரும் ஸ்டோன் இல்ல, ஜெம். பின்னாடி வந்த காமிக்ஸ்ல படத்தோட கலரையும் பேரையும் எடுத்துக்கிட்டாங்க, அதனால எந்த வருஷத்து புக்குன்னு பாத்துக்கங்க. அப்புறம் அந்த கையுறைய குள்ளர்கள் செஞ்சாங்கங்கிறதும் படத்துக் கதைதான், காமிக்ஸ்ல அது தானோஸ் போட்டிருந்த சாதாரண கையுறை, சக்தி முழுக்க கல்லுலதான் இருக்கு.

காரணத்தையும் மாத்திப் புரிஞ்சுக்கறாங்க. மக்கள் தொகை ஜாஸ்தி, சாப்பாடு பத்தாதுன்னு கணக்கு போடுறது படத்துத் தானோஸ். காமிக்ஸ்ல அவன் மரணத்த காதலிக்கிறான், அங்க மரணம்னா ஒரு பொண்ணு. அவ மனசுல எடம் பிடிக்கத்தான் சொடக்கு போட்டு பிரபஞ்சத்துல பாதி உயிர காலி பண்றான், அவளுக்கு கோயில் மாதிரி கட்டி வைக்கிறான், அவ அசைஞ்சே குடுக்க மாட்டா. கடைசில அவளே எதிர் பக்கம் போய் நிக்கிறப்போ எனக்கு அந்த வில்லன் மேல பரிதாபம் வந்துச்சு.

இப்ப பெரிய தப்புக்கு வரேன். எல்லா சக்தியும் கைல இருக்குன்னா தோக்கவே மாட்டான்ல, அப்புறம் எதுக்கு கேப்டன் அமெரிக்கா கூடல்லாம் கைகலப்புன்னு நெறைய பேர் கேக்குறாங்க, கதைல ஓட்டைன்னு வேற சொல்றாங்க. நாலாவது இஷ்யூவ அவசரமா புரட்டினதால வர்ற கேள்வி அது. அந்தப் பொண்ண அசத்தணும்னா எதிரிக்கு கொஞ்சமாவது சான்ஸ் குடுத்து ஜெயிக்கணும்னு மெஃபிஸ்டோங்கிற சாத்தான் ஏத்தி விடுவான், இவனும் அத நம்பி தன் சக்திய தானே குறைச்சுக்குவான். அந்த கேப்லதான் சில்வர் சர்ஃபர்ங்கிற ஹீரோ பறந்து வந்து கையுறைய பிடுங்கப் பாப்பான், மயிரிழைல தப்பிடும். அஞ்சாவதுல பிரபஞ்ச சக்திங்க எல்லாத்தையும் ஜெயிச்சுட்டு, தானே பிரபஞ்சமா மாறி உடம்ப விட்டு வெளிய வந்துடுவான், கையுறை உடம்போட கீழ கெடக்கும், குத்துயிரா வச்சு அவன் கொடும பண்ணிட்டிருந்த நெபுலா அத எடுத்து மாட்டிக்குவா. நீ இதுக்கு தகுதி இல்லன்னு உன் அடிமனசுக்கே தெரியும், அதனாலதான் தோக்குறதுக்கு நீயே வழி வச்சேன்னு ஹீரோக்கள வழிநடத்துற ஆடம் வார்லாக் தானோஸ்கிட்ட சொல்ற எடத்த நிறுத்தி நிதானமா படிங்க, மொத்தக் கதையும் அதுலதான் இருக்கு.

நெனைச்சத நடத்திக் காட்டுற காஸ்மிக் க்யூபையும் இந்த ஜெம்களையும் போட்டு குழப்பாதீங்க. படத்துல க்யூபுக்குள்ள ஸ்பேஸ் ஸ்டோன் இருக்கும், காமிக்ஸ்ல க்யூப் 1966லயே வந்த தனிப் பொருள், ஜெம்முக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அதே மாதிரி ஜெம் எங்க போனாலும் வேலை செய்யும்னும் நெனைக்காதீங்க, அது அதோட பிரபஞ்சத்துக்குள்ள மட்டும்தான். 2003ல மார்வெலும் டிசியும் சேந்து போட்ட கதைல டிசி வில்லன் டார்க்சைட் கைக்கு காண்ட்லெட் கெடைக்கும், அவனோட பிரபஞ்சத்துல அது வெறும் கையுறை. அதையும் வரைஞ்சது பெரஸ்தான்.

ஆறு இஷ்யூ முடிஞ்சதும் 1992ல ஆரம்பிச்ச இன்ஃபினிட்டி வாட்ச் தொடர் பக்கம் போங்க, கல்லு ஆறையும் ஒண்ணா யூஸ் பண்ணக்கூடாதுன்னு லிவிங் ட்ரிப்யூனல்ங்கிற பிரபஞ்ச நீதிபதி தீர்ப்பு சொன்னதால வார்லாக் ஆளுக்கு ஒண்ணா பிரிச்சுக் குடுப்பான். அதுல ஒரு கல்லு யார்கிட்ட போச்சுன்னு ரொம்ப நாள் சொல்லவே மாட்டாங்க, தயவு செஞ்சு அத மட்டும் விக்கில தேடிப் பாத்துடாதீங்க.