ரூட்டருக்கு என்.சி. முனை
ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து மின் விநியோகப் பெட்டி கட்டும்போது, எப்போதும் ஓட வேண்டிய ரூட்டரை ‘என்.ஓ.’ முனையில் (ரிலேவுக்கு மின்சாரம் வந்தால்தான் இணையும்) கொடுக்காமல் ‘என்.சி.’ முனையில் (ரிலேவுக்கு மின்சாரம் இல்லாதபோது இணைந்திருக்கும்) கொடுங்கள். ரிலேவை இயக்கும் கட்டுப்பாட்டுப் பலகை முடங்கினாலும் ரூட்டர் ஓடும். அதை அணைத்து எழுப்ப ரிலேவுக்குப் பத்து நொடி மின்சாரம் போதும். அந்தப் பத்து நொடியைப் பலகையே எண்ணட்டும், ரூட்டர் அணைந்தபின் உங்கள் கட்டளை பலகைக்கு எட்டாது. வழக்கமான 5 வோல்ட் நீல ரிலேயின் சுருள் சுமார் 70 மில்லி ஆம்பியர் இழுக்கும். அது சும்மா கிடந்தால், மதுரைச் சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் அந்தச் சூடாவது மிச்சம்.

ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் மோட்டாருக்கு இந்த என்.சி. இணைப்பு கூடவே கூடாது. மின்வெட்டு முடிந்ததும் ஆளில்லாத வீட்டில் தானாக ஓடத் தொடங்கிவிடும். மோட்டாருக்குத் தனிக் கான்டாக்டரும் (பெரிய மின்சுமையைத் தாங்கும் ரிலே போன்ற சுவிட்ச்) வேண்டும். ரிலேயில் அச்சிட்ட 10 ஆம்பியரை நம்பி இறங்காதீர்கள். எந்த முனையானாலும் ரிலே துண்டிக்க வேண்டியது ஃபேஸ் கம்பியை, நியூட்ரலை அல்ல.