ஸ்லிப்பர் ஆர்கிட்: டென்ட்ரோபியம் பழக்கத்தில் செய்யும் தவறுகள்

மாடியில் டென்ட்ரோபியம் ஆர்கிட் நன்றாக வருகிறதே என்ற தைரியத்தில்தான் பலரும் ஸ்லிப்பர் ஆர்கிட் வாங்குகிறார்கள். சிக்கலும் அங்கேதான். டென்ட்ரோபியம் தன் தடித்த தண்டில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். நாலு நாள் மறந்தாலும் தாங்கும். ஸ்லிப்பர் ஆர்கிட்டான பாஃபியோபெடிலத்துக்கு அப்படி ஒரு தண்டே கிடையாது. காட்டில் இலைமக்கிலும் பாறை இடுக்கிலும் வேர்விடும் இதற்கு, வேர்ப்பகுதி முழுக்கக் காயவும் கூடாது, சொதசொதவென்று நிற்கவும் கூடாது.

அதனால் வெறும் கரியும் ஓட்டுத் துண்டும் போட்ட, பக்கமெல்லாம் ஓட்டையுள்ள ஆர்கிட் தொட்டி ஒத்துவராது. பொடியாக நறுக்கிய மரப்பட்டை, கொஞ்சம் பெர்லைட் (லேசான வெள்ளைக் கல் துகள்), கொஞ்சம் கரி போதும். தோட்ட மண் வேண்டவே வேண்டாம். 'வளரட்டுமே' என்று பெரிய தொட்டியில் வைத்தால் நடுவில் ஈரம் காயாமல் வேர் அழுகும்.

அதிகம் செடிகள் சாவது ஸ்பிரேயால். ஆசையாகச் சாயங்காலம் அடித்த தண்ணீர் குருத்துக்குள் இறங்கி ராத்திரி முழுக்கத் தங்கும். இலையின் அடி பழுப்பாகி, தொட்டால் கொழகொழவென்று இருக்கும். இழுத்தால் கையோடு வந்துவிடும். காலையில், ஓரமாக, கலவையில் மட்டும் ஊற்றுங்கள். குருத்தில் பட்டால் டிஷ்யூ காகிதத்தைத் திரித்து உறிஞ்சி எடுங்கள். உப்பான போர்வெல் தண்ணீர் இலை நுனியைக் கருக்கும், மழைநீர் உத்தமம்.

உச்சிவெயிலும் ஆகாது; கிழக்கு ஜன்னல் போதும்.

ஊரைப் பார்த்து வகையைத் தேர்ந்தெடுங்கள். இன்சிக்னே போன்ற பச்சை இலை வகைகள் பலவும் குளிர்ந்த இரவு கேட்பவை. ஊட்டி, கொடைக்கானலுக்குச் சரி. சென்னைக்குத் திட்டுத்திட்டான இலையுள்ள 'மாடியே' (Maudiae) என்ற வகைக் கலப்பினங்கள்தான் நல்லது. அகத்தியமலையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத 'ட்ரூரியை' (druryi) என்ற ஸ்லிப்பர் ஆர்கிட் இனம், சேகரிப்பவர்கள் பிடுங்கிப் பிடுங்கியே அழிவின் விளிம்புக்கு வந்தது. பாஃபியோபெடிலம் பேரினம் முழுவதுமே, அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. 'மலையிலிருந்து எடுத்தது' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

வாழை போல ஒரு கன்று ஒருமுறைதான் பூக்கும். ஆனால் பூ முடிந்ததும் வாழையை வெட்டுவதுபோல வெட்டிவிடாதீர்கள். பச்சையாக இருக்கும்வரை பக்கக் கன்றுக்குச் சத்து அங்கிருந்துதான் போகிறது. பூத்தண்டை மட்டும் நறுக்குங்கள். ஒன்றிரண்டு வருடத்தில் மரப்பட்டை மக்கிவிடும் என்பதால், வேர் வெளியே வரட்டும் என்று காத்திராமல், பூ இல்லாத நேரமாகப் பார்த்துக் கலவையை மாற்றுங்கள். அப்போது நண்பருக்கு ஒரு கன்று பிரித்துத் தரும் ஆசை வரும். தனிக்கன்று லேசில் தேறாது. பிரிக்கும் துண்டில் மூன்று கன்றுகளாவது சேர்ந்திருந்தால் பிரிக்கலாம்.