நாடுகளின் உயிரிப் பொருளாதாரத்தை ஒப்பிடுவது எப்படி?

தாவரம், விலங்கு, நுண்ணுயிர் போன்ற உயிரி வளங்களை வைத்து நடக்கும் உற்பத்தியைத்தான் உயிரிப் பொருளாதாரம் என்கிறார்கள். இந்தியாவின் உயிரிப் பொருளாதாரம் 2024இல் 16,570 கோடி டாலர் என்கிறது நம் அரசு அமைப்பின் அறிக்கை. பின்லாந்து தன்னுடையதை 2035க்குள் 5,000 கோடி யூரோவாக உயர்த்தப் போகிறேன் என்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வரைபடம் போட்டுவிடத் தோன்றும். தயவுசெய்து போடாதீர்கள். இந்தியக் கணக்கில் இருப்பது பெரும்பாலும் உயிரித் தொழில்நுட்பம்: மருந்து, தடுப்பூசி, நொதிகள், எத்தனால், பி.டி. பருத்தி (பூச்சியை எதிர்க்க மரபணு மாற்றப்பட்டது), ஆய்வுச் சேவைகள். நெல்லும் பாலும் மீனும் அதில் வராது. ஐரோப்பியக் கணக்கிலோ வயல், காடு, கடலில் ஆரம்பித்து மரப்பலகை, காகிதம் வரை எல்லாமே சேரும். பெயர்தான் ஒன்று, அளப்பது வேறு வேறு.

அதனால் முதல் வேலை, உங்கள் எல்லையை நீங்களே வரைவது. விவசாயம், வனம், மீன்வளம், உணவுப் பதப்படுத்தல், மரம், காகிதம் ஆகியவற்றை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். துணி, ரசாயனம், பிளாஸ்டிக், மின்சாரம் போன்றவற்றில் உயிரி மூலப்பொருளிலிருந்து வரும் பங்கை மட்டும் எடுக்க வேண்டும், அதாவது பருத்திச் சட்டை உள்ளே, பாலியெஸ்டர் சட்டை வெளியே. இந்தப் பங்கு நாட்டுக்கு நாடு மாறும், ஐரோப்பாவுக்குப் போட்ட விகிதத்தை அப்படியே இந்தியாவுக்கோ வங்கதேசத்துக்கோ ஒட்டிவிட முடியாது. அப்புறம், விற்பனைத் தொகையைக் கூட்டாதீர்கள், ஒவ்வொரு கட்டத்திலும் கூடிய மதிப்பை மட்டும் கூட்டுங்கள். இல்லையென்றால் ஒரே கரும்பு வயலில் ஒரு முறை, ஆலையில் ஒரு முறை, எத்தனாலில் ஒரு முறை என்று மூன்று தடவை எண்ணப்படும்.

சரி, பணம் அளந்தாயிற்று. ஆனால் அது வளர்ச்சிதான், நிலைத்திருக்குமா என்பதை அது சொல்லாது. ஐநாவின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு வகுத்த 10 கொள்கைகளை ஒரு சரிபார்ப்புப் பட்டியலாக வைத்துக்கொள்ளலாம். அதில் முதலாவதாக நிற்பது உணவுப் பாதுகாப்பு. எனக்கும் அதுதான் முதல்.

நான் சொல்லும் வழி இது: ஒவ்வொரு சாதனைக் குறிகாட்டிக்கும் பக்கத்தில் அந்தச் சாதனைக்காக நாம் இழப்பதைக் காட்டும் இன்னொன்றை வையுங்கள். இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2013-14இல் சுமார் 1.5 சதவீதம், 2025இல் 20 சதவீதம். தனியாகப் பார்த்தால் அபாரமான ஏற்றம். அந்த எத்தனாலுக்குக் கரும்பும் அரிசியும் மக்காச்சோளமும் போகின்றன. மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024இல் இறக்குமதிக்குத் திரும்பியது, கோழிப்பண்ணைக்காரர்கள் தீவன விலையால் திண்டாடினார்கள். ஆகவே கலப்பு சதவீதத்துக்கு அருகிலேயே தீவன விலையும் நிலத்தடி நீர்மட்டமும் இருந்தாக வேண்டும். பின்லாந்திலும் இதே கதைதான். நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு காடு, மரத்தொழிலில் உலகமே திரும்பிப் பார்க்கும் நாடு. ஆனால் வெட்டு அதிகமாகி, மரங்களின் வளர்ச்சி குறைந்து, மட்கிய தாவரங்கள் படிந்த கரிமண் சதுப்பு நிலங்களிலிருந்து பசுமைக்குடில் வாயுவும் வெளியேற, கார்பனை உள்வாங்கிக்கொண்டிருந்த அதன் நிலப்பயன்பாட்டுத் துறை (காடும் மற்ற நிலங்களும் சேர்ந்த கணக்கு) 2021ஆம் ஆண்டுக் கணக்கில் கார்பனை வெளியிடும் துறையாக மாறிவிட்டது. ஏற்றுமதி வருமானத்தை மட்டும் பார்த்தவருக்கு இது தெரிந்தே இருக்காது.

நாட்டின் எல்லையோடு கணக்கை நிறுத்துவதும் தவறு. ஐரோப்பியப் பன்றிகளும் கோழிகளும் தின்னும் சோயாவில் பெரும்பகுதி தென் அமெரிக்காவில் விளைகிறது. அந்த நிலத்தையும் தண்ணீரையும் தின்பவரின் கணக்கில் எழுத வேண்டும், விளைவிப்பவரின் கணக்கில் அல்ல.

எல்லாவற்றையும் ஒரே மதிப்பெண்ணாகச் சுருக்கியே தீர வேண்டுமென்றால், சாதாரண சராசரி எடுக்காதீர்கள். 0 முதல் 1 வரையான மதிப்பெண்ணில் பொருளாதாரத்தில் 0.9, இயற்கையில் 0.1 வாங்கிய நாட்டுக்குச் சராசரி 0.5, அதாவது இரண்டிலும் 0.5 வாங்கிய நாட்டுக்குச் சமம்! பெருக்கல் சராசரி (இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம்) எடுத்தால் முதல் நாடு 0.3க்கு இறங்கிவிடும். ஐநாவின் மனிதவள மேம்பாட்டுக் குறியீடும் 2010இல் இந்த முறைக்குத்தான் மாறியது. அதன்பின் ஒவ்வொரு குறிகாட்டிக்கும் கொடுத்த முக்கியத்துவத்தை, அதாவது எடைகளை, கொஞ்சம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒரு நாடு நாலாம் இடத்திலிருந்து பதினோராம் இடத்துக்குச் சரிந்தால் உங்கள் தரவரிசைக்கு உறுதி இல்லை என்று அர்த்தம், முன்னணி, நடுத்தரம், பின்தங்கியவை என்று குழுக்களாக மட்டும் வெளியிடுங்கள். தரவு இல்லாத கட்டத்தில் பூஜ்யம் போடாதீர்கள், வெறுமையாகவே விடுங்கள்.

ஒன்று மட்டும் கட்டாயம் செய்யுங்கள். புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் பங்கு என்று உலக அளவில் புழங்கும் எண்ணில் விறகும் வரட்டியும் சேர்ந்தே இருக்கின்றன. அதனால் அடுப்புப் புகையில் பெண்கள் இருமிக்கொண்டே சமைக்கும் ஏழை நாடு இந்தக் குறிகாட்டியில் மேலே போய் உட்கார்ந்துவிடுகிறது. விறகையும் வரட்டியையும் தனி நெடுவரிசையாகப் பிரித்த பிறகே அந்த எண்ணை உங்கள் அட்டவணையில் சேருங்கள்.