அரிய வகைப் பழைய பின்பால் இயந்திரத்தை வீட்டில் வைத்து ஆடுவது எப்படி

அரியதொரு பழைய பின்பால் (pinball: சாய்ந்த தளத்தில் எஃகுப் பந்தை அடித்து ஆடும் பெட்டி) இயந்திரத்தை வாங்கப் போகிறவர், மற்ற இயந்திரங்களில் இல்லாத உறுப்பு அதில் எது என்பதை முதலில் தெரிந்துகொண்டு, அந்த உறுப்பு முழுமையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே வேறெதையும் பார்க்க வேண்டும். ரப்பர் வளையங்கள், காயில்கள் (மின்சாரம் பாய்ந்ததும் காந்தமாகும் கம்பிச் சுருள்கள்), விளக்குகள், ஃபியூஸ்கள், எஃகுப் பந்து ஆகியவை பெரும்பாலான இயந்திரங்களுக்குப் பொதுவானவை. இன்றும் புதிதாகக் கிடைப்பவை. ஆனால் பாலி நிறுவனம் 1972-இல் வெளியிட்ட ஃபயர்பாலின் நடுவே சுழலும் வட்டு, காட்லீப் 1982-இல் கொண்டுவந்த ஹான்டட் ஹவுஸில் ஆடுபவரை விட்டு விலகிச் சரியும் கீழ்த்தளம், அட்டாரியின் 1979-ஆம் ஆண்டு ஹெர்குலிஸ் கேட்கும் மிகப் பெரிய பந்து ஆகியவற்றைச் சேர்ந்த உறுப்புகள் தொலைந்தால் மாற்று தேடுவது எளிதன்று. அந்த உறுப்பை இழந்த இயந்திரம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதை வாங்காமல் விடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அதற்கு மாறாக, ஓடவில்லை என்ற ஒரே காரணத்துக்காக முழுமையான இயந்திரத்தை ஒதுக்க வேண்டியதில்லை. 1970-களின் இறுதிக்கு முன் வந்த இயந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கணினிச் சில்லு கிடையாது. ரிலேக்கள் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சுகள்), சாதாரண சுவிட்சுகள், ஸ்டெப்பர்கள் (படிப்படியாக நகர்ந்து எண்ணும் கருவிகள்), சுவிட்சுகளை வரிசையாக இயக்கும் ஸ்கோர் மோட்டார் ஆகியவையே விதிகளை நினைவில் வைத்து ஆட்டத்தை நடத்துகின்றன. பல ஆண்டுகள் சும்மா கிடந்த இயந்திரத்தில் பெரும்பாலான கோளாறுகள், அழுக்கேறிய சுவிட்ச் முனைகளாலும் பசையாக இறுகிப்போன பழைய கிரீஸாலும் வருபவை. பொறுமை உள்ளவர் அவற்றைத் தாமே சரிசெய்துவிடலாம். யாரோ கம்பிகளை வெட்டி, தமக்குத் தோன்றிய இடத்தில் ஒட்டிவைத்த இயந்திரம்தான் உண்மையான தொல்லை. மின்சுற்று வரைபடம் கூடவே வருகிறதா என்றும் கேளுங்கள். அது இல்லாமல் பழுது தேடுவது கடினம்.

பின்புறம் நிமிர்ந்து நிற்கும் தலைப்பெட்டியின் ஓவியக் கண்ணாடியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். வண்ணம் கண்ணாடியின் பின்புறத்தில் பூசப்பட்டிருப்பதால், பின்னால் எரியும் விளக்குகளின் வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் அது செதில் செதிலாக உரியும். பின்புறத்தைத் துணியால் துடைப்பதும், உரிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டுவதும் எஞ்சியிருக்கும் வண்ணத்தையும் எடுத்துவிடும். 44-ஆம் எண் விளக்குகளைக் கழற்றிவிட்டு, அதே மின்னழுத்தத்தில் குறைந்த மின்னோட்டம் இழுக்கும் 47-ஆம் எண் விளக்குகளைப் பொருத்தினால் வெப்பம் குறையும்.

இயந்திரத்தைக் கொண்டுவரும்போது முதல் வேலை, பந்தை வெளியே எடுப்பது. உள்ளே உருளும் பந்து ஆடுதளத்தையும் மேற்கண்ணாடியையும் சிதைத்துவிடும். அடுத்து, தலைப்பெட்டிக்கும் உடற்பெட்டிக்கும் இடையிலான மின்செருகிகளைப் படம் எடுத்து, எது எங்கே சேரும் என்று சீட்டு ஒட்டிய பிறகு பிரிக்க வேண்டும். மொத்த எடை 100 கிலோவைத் தாண்டக்கூடும் என்பதால் இது ஒருவர் செய்யும் வேலை அன்று.

மின் இணைப்பில் அவசரம் கூடாது. அமெரிக்காவில் தயாரான இயந்திரங்கள் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கு அமைந்தவை. 220 முதல் 240 வோல்ட் வரும் வீட்டில், இயந்திரத்தின் தேவையைவிடக் கூடுதல் திறனுள்ள டிரான்ஸ்ஃபார்மரின் மூலமே இணைக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்கு அமைந்த மோட்டார்கள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சற்று மெதுவாகச் சுழலும். அதைக் கோளாறு என்று எண்ணிக் கழற்றத் தொடங்க வேண்டாம். எர்த் இல்லாத பழைய இருமுனைச் செருகி இருந்தால், முதலில் மூன்றுகம்பி வடம் போட்டு, டிரான்ஸ்ஃபார்மரின் சட்டம், நாணயக் கதவு, பக்கவாட்டு உலோகப் பட்டைகள் ஆகியவற்றை எர்த்துடன் இணைக்கச் செய்யுங்கள். இதைத் தேர்ந்த மின்பணியாளரிடம் விடுவது நல்லது. ஃபியூஸ் போனால் குறிப்பிட்ட அளவிலேயே மாற்ற வேண்டும். பெரிய அளவைப் போட்டால் ஃபியூஸுக்குப் பதிலாகக் காயிலோ கம்பியோ எரியும். உள்ளே கை வைக்கும் முன் சுவிட்சை அணைப்பது போதாது, செருகியையே பிடுங்கிவிட வேண்டும்.

நிறுத்தும் இடத்தில் ரசமட்டத்தை ஆடுதளத்தின் மேலேயே வைத்து இடவல மட்டம் பாருங்கள். பெட்டியின் மேல் வைத்துப் பார்த்தால் ஏமாற்றும். சாய்வைப் பொறுத்தவரை, கணினிச் சில்லு இல்லாத பழைய இயந்திரங்களுக்குச் சுமார் 3.5 பாகை போதுமானது. பிற்கால இயந்திரங்களுக்குரிய 6.5 பாகையை இவற்றுக்குக் கொடுத்தால், பந்து இலக்குகளைத் தேடி அலையும் நேரம் குறைந்து ஆட்டம் வேறாகிவிடும். சுழலும் வட்டு உள்ள இயந்திரத்தில் இது இன்னும் முக்கியம்: சாய்வு கூடினால் பந்து வட்டின் மேல் தங்காமல் கடந்து போய்விடும், வட்டு இருப்பதன் பயனே கெட்டுவிடும்.

ஆட்டம் தொடங்காமல் ஸ்கோர் மோட்டார் ஓயாமல் சுற்றினால், புள்ளிகளைக் காட்டும் எண் உருளைகளில் ஏதோ ஒன்று பூஜ்யத்துக்குத் திரும்பவில்லையா என்று முதலில் பாருங்கள். சுவிட்ச் முனைகளைச் சுத்தம் செய்ய மெல்லிய தேய்ப்புக்கீற்று வேண்டும். உப்புத்தாள் வெள்ளி முனையை அரித்துவிடும். துருநீக்கி எண்ணெயை உள்ளே தெளிப்பதைப் போன்ற கேடு வேறில்லை: அது தூசியைப் பிடித்து மறுபடியும் பசையாக இறுகும், தீப்பொறி பறக்கும் இடத்தில் எரியவும் கூடும். காயில்களுக்குள் அசையும் இரும்புத் தண்டுகளுக்கு எண்ணெயே கூடாது. ஆடுதளத்துக்குத் தண்ணீர் ஆகாது. சுத்தம் செய்தபின் கார்னாபா மெழுகை மெல்லியதாகப் பூசினால் பந்து விரைவாக ஓடும், வண்ணமும் தேயாது. துருப்பிடித்த பந்து ஆடுதளத்தை அறுக்கும் என்பதால் அதை உடனே மாற்ற வேண்டும்.

பொத்தானை அழுத்தினால் உயர்ந்து பந்தை அடிக்கும் கைதான் ஃபிளிப்பர். அதன் காயிலில் இரண்டு கம்பிச் சுற்றுகள் உண்டு: தூக்கி அடிக்க வலிய சுற்று, பிடித்து நிறுத்த மெலிந்த சுற்று. ஃபிளிப்பர் மேலே போனதும் ஒரு சிறு சுவிட்ச் திறந்து, மெலிந்த சுற்றையும் மின்னோட்டத்தின் பாதையில் சேர்க்கிறது. அந்த முனை அழுக்கானால் அடி வலுவிழக்கும். திறக்காமல் நின்றுவிட்டால் காயில் சில கணங்களில் சூடாகிக் கருகும். இதை முதலில் சரிபார்க்கச் சொல்வதற்குக் காரணம், நல்ல ஆட்டமே பொத்தானை அழுத்திப் பிடிப்பதில்தான் இருக்கிறது. உருண்டு வரும் பந்தை உயர்த்திய ஃபிளிப்பரில் தாங்கி நிறுத்தி, இலக்கைப் பார்த்து அடிக்கப் பழக வேண்டும். இரண்டு பொத்தான்களையும் ஒன்றாக அழுத்துவது, ஒரு பக்கம் வரும் பந்துக்கு மறுபக்க வழியைத் திறந்துவிடும் பழக்கம்.

1960-களின் இறுதிக்கு முந்திய ஃபிளிப்பர்கள் நீளம் குறைந்தவை, இடைவெளியும் அகலம். ஆகவே அவற்றில் பெட்டியை மெல்ல உந்துவதே ஆட்டத்தின் பாதி. பந்து ரப்பரில் படும் கணத்தில் உந்த வேண்டும். பின்னர் உந்துவது வீண். பெட்டியை மிகையாக அசைத்தால் ஆட்டத்தைத் தடுக்கும் அமைப்புதான் டில்ட். அதில் தொங்கும் குண்டைச் சற்று உயர்த்தியோ தாழ்த்தியோ அது எவ்வளவு பொறுத்துக்கொள்ளும் என்பதை அமைக்கலாம். வீட்டு ஆட்டம்தானே என்று அதை அறவே செயலிழக்கச் செய்துவிட்டால் உந்தும் கலை கைகூடாது.

ஃபயர்பாலில் வட்டு பந்தை எந்தப் பக்கம் எறியும் என்று யாராலும் சொல்ல முடியாது. வட்டை நோக்கிப் பந்து போகும்போதே இரு ஃபிளிப்பர்களுக்கும் விரல்களை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். குறிப்பிட்ட இலக்கில் பட்டால் அதன் ஃபிளிப்பர்கள் ஒன்றையொன்று நெருங்கி நடு இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில்தான் கடினமான அடிகளைத் துணிந்து முயல வேண்டும். ஓடின், வோட்டன் என்ற இரு இடங்களில் சிறைப்படும் பந்துகள் இயந்திரத்திலேயே கிடப்பதால், இருவர் ஆடும்போது நீங்கள் அடைத்த பந்தை அடுத்தவர் விடுவித்துப் பயன்பெறக்கூடும். விடுவிக்கும் வாய்ப்பு வந்தால் தள்ளிப்போட வேண்டாம். ஓர் ஆட்டத்துக்கு மூன்று பந்தா ஐந்து பந்தா என்பதை உள்ளே அமைத்துக்கொள்ளலாம். வீட்டில் எல்லோரும் பழகும்வரை ஐந்து வைத்துவிட்டு, பிறகு மூன்றுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.