சொகுசுக் கப்பலில் தங்கிக்கொண்டே வேலை பார்ப்பது எப்படி?

ஐந்து மாதங்களாகச் சொகுசுக் கப்பல்களில் தங்கி, லேப்டாப்பில் முழுநேர வேலை பார்த்து வருகிறேன். “நடுக்கடலில் நெட் வருமா?” என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். வரும். நான் அடி வாங்கியது வேறு இடத்தில், கடிகாரத்தில். அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். டிக்கெட் எடுப்பதும் பெட்டி கட்டுவதும் உங்களுக்கே தெரியும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

படி 1: அனுமதி

மேலதிகாரி வாய்ச்சொல்லாகச் சரி என்றால் போதாது. எந்தெந்த நாட்டிலிருந்து அலுவலகக் கணக்கில் நுழையலாம், வரி எங்கே கட்டுவது என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சில நிறுவனங்களின் பாதுகாப்புப் பிரிவு, திடீரென்று வேறு நாட்டு ஐபி முகவரி (நெட் இணைப்பின் அடையாள எண்) தெரிந்தால் கணக்கையே முடக்கிவிடும். செயற்கைக்கோள் இணைப்பில் அந்த முகவரி நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்ட வேண்டும் என்பதில்லை. நிறுவனத்தின் விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்குப் போகும் பாதுகாப்பான இணைப்பு) கப்பலில் வேலை செய்யுமா என்று கிளம்பும் முன்பே கேட்டு வையுங்கள்.

படி 2: எந்த வகைப் பயணம்?

மூன்று வழிகள் உண்டு. ஒன்று, 100 முதல் 180 நாள் வரை நீளும் உலகச் சுற்றுப்பயணம். இரண்டு, வீடு வாங்குவதுபோல அறையை வாங்கிக் குடியேறும் கப்பல். 2002 முதல் ஓடும் ‘தி வேர்ல்டு’ அப்படிப்பட்டது. மூன்று, ஒரு வாரம் பத்து நாள் பயணங்களை அடுத்தடுத்துப் பதிவு செய்து, இறங்காமல் தொடர்வது. புதியவர்களுக்கு மூன்றாவதுதான் என் சிபாரிசு. பிடிக்காவிட்டால் அடுத்த துறைமுகத்தில் இறங்கிவிடலாம். மூன்று வருடப் பயணம் என்று விளம்பரம் செய்த ஒரு கப்பல், 2023இல் புறப்படும் நேரத்தில் ரத்தானது. வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தவர்கள் தவித்துப் போனார்கள்.

அடுத்தடுத்துப் பதிவு செய்வதில் ஒரு கண்ணி இருக்கிறது. அமெரிக்காவில் 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. வெளிநாட்டுக் கொடியுள்ள, அதாவது வெளிநாட்டில் பதிவான கப்பல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றியவரை இடையில் தொலைதூர வெளிநாட்டுத் துறைமுகம் எதற்கும் போகாமல் வேறோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கக் கூடாது. கனடாவும் மெக்ஸிகோவும் ‘தொலைதூரம்’ ஆகாது. அலாஸ்காவின் சீவர்டிலிருந்து வான்கூவர், அதே கப்பலில் வான்கூவரிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் என்று பதிவு செய்தால், தனித்தனியே இரண்டும் சரி, சேர்ந்தால் தப்பு. இணையதளம் பணத்தை வாங்கிக்கொள்ளும். பிறகு ரத்து செய்தி வரும். போனில் ஆளிடம் பேசிப் பதிவு செய்யுங்கள்.

ஐரோப்பாப் பக்கம் சுற்றினால் ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) கணக்கு வேறு: எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள்தான். பலமுறை நுழையும் விசா இருக்க வேண்டும்.

படி 3: அறை

கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம். ஆட்டம் அங்கேதான் குறைவு. நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே எடுக்காதீர்கள். விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் தலையில் இடி மாதிரி விழும். முன்முனை அறைகளிலும் துறைமுகம் சேரும்போது கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் உந்திகள் அதிரும். ஜன்னல் அவசியமா? ஒரு மாதத்துக்கு மேல் என்றால் அவசியம். நான் முதலில் பணத்தை மிச்சம் பிடிக்க உள்ளறை எடுத்தேன். பகலா இரவா என்று தெரியாமல் இரண்டே வாரத்தில் தூக்கம் கெட்டது.

அறைச் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கிகள் ஒட்டும். பத்து வாங்கிப் போங்கள். கப்பலில் இதைவிட உபயோகமான சாமானை நான் பார்க்கவில்லை.

படி 4: நெட்

பழைய செயற்கைக்கோள்கள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவை. சிக்னல் போய்வரவே அரை நொடிக்கு மேல் ஆகும். ஸ்டார்லிங்க் என்ற புதிய நெட் சேவையின் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றுவதால் வீடியோ மீட்டிங் சாதாரணமாக ஓடும். ஆகவே அந்தக் கப்பலில் ஸ்டார்லிங்க் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆனால் அதற்கு உரிமம் இல்லாத நாடுகளின் கடற்பகுதியில் அது அணைந்துவிடும். முக்கியமான மீட்டிங்கை அந்த நாளில் வைக்காதீர்கள்.

நல்ல வேகம் துறைமுக நாட்களில்தான். எல்லோரும் ஊர் பார்க்க இறங்கியிருப்பார்கள், நூலகம் காலியாக இருக்கும். நான் அன்று வேலை பார்த்துவிட்டு, கடல் நாளில் விடுமுறை எடுக்கிறேன். சொந்த ரவுட்டர் கொண்டுபோகலாம் என்று சிலர் சொல்வார்கள். பல கப்பல்களில் தடை. ஏறும்போதே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள்.

படி 5: மின்சாரம்

சர்ஜ் புரொடெக்டர் (திடீர் மின்னழுத்த உயர்விலிருந்து காக்கும் பாகம்) உள்ள பல பிளக் பட்டை கூடவே கூடாது. கப்பலின் மின்சுற்று வீட்டில் இருப்பதுபோல எர்த்தோடு இணைந்தது அல்ல. அதில் இது சூடேறித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. சாதாரண நீட்டிப்பு வயரையும் இப்போது சில நிறுவனங்கள் தடை செய்துவிட்டன. பல முனைகள் கொண்ட யுஎஸ்பி சார்ஜர் ஒன்று போதும்.

படி 6: கடிகாரம்

இங்கேதான் நான் விழுந்தேன். கப்பலுக்கென்று ஒரு நேரம் உண்டு, கேப்டன் வைப்பதுதான். அது கரையின் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. அட்லாண்டிக்கில் மேற்கே போகும்போது பல இரவுகளில் ஒரு மணி நேரம் பின்னே தள்ளுவார்கள். போனோ நெட்வொர்க் இல்லாமல் ஃப்ளைட் மோடில் இருக்கிறது. சரி, கையாலேயே ஒரு மணி நேரம் குறைத்துவிடலாம் என்று மாற்றினேன்.

மறுநாள் காலை அலுவலகக் கணக்கில் நுழைய முடியவில்லை. நுழைவு எண் தரும் ஆதென்டிகேட்டர் செயலி காட்டிய ஆறு இலக்க எண் ஒவ்வொன்றும் தவறு என்றது. ஐந்து முறை போட்டதும் கணக்கு பூட்டிக்கொண்டது. காரணம் எளிது: அந்த எண் 30 நொடிக்கு ஒருமுறை உலகப் பொது நேரத்தைக் (எந்த ஊரிலும் ஒன்றாக இருக்கும் UTC) கொண்டு கணக்கிடப்படுகிறது. போனின் மணியை நான் கையால் மாற்றியதும் அதன் பொது நேரக் கணக்கே ஒரு மணி நேரம் பிசகிவிட்டது. சர்வருக்கு என் போன் ஒரு மணி நேரத்துக்கு முந்தைய, காலாவதியான எண்ணைக் கொடுத்தது.

செய்ய வேண்டியது இது. மணியைத் தொடாதீர்கள், நேர மண்டலத்தை மட்டும் மாற்றுங்கள். ஆண்ட்ராய்டில் ‘நேரம் தானாக’, ‘நேர மண்டலம் தானாக’ என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். இரண்டாவதை மட்டும் அணையுங்கள். ஐபோனில் இரண்டும் ஒரே பொத்தான். அணைத்துவிட்டு ஊரை மட்டும் மாற்றுங்கள், கீழே தெரியும் மணியை விட்டுவிடுங்கள். நடு அட்லாண்டிக்கில் ஊர் ஏது? பொது நேரத்துக்கு 1 மணி பின்னே என்றால் கேப் வெர்தே, 2 என்றால் தென் ஜார்ஜியா (South Georgia தீவு), 3 என்றால் சாவ் பாலோ. மூன்றிலும் கோடைக்கால நேரமாற்றம் கிடையாது, அதனால்தான் இவற்றைச் சொல்கிறேன்.

லேப்டாப்பை எப்போதும் அலுவலக நேரத்திலேயே வைத்திருக்கிறேன். மீட்டிங் எல்லாம் லேப்டாப்பைப் பார்த்து; சாப்பாடு, கரையிறக்கம் எல்லாம் மலிவான கைக்கடிகாரத்தைப் பார்த்து. ஸ்மார்ட் வாட்ச் வேண்டாம். கரையில் டவர் கிடைத்தவுடன் அது ஊர் நேரத்துக்குத் தாவும். திரும்பி ஏற வேண்டிய நேரம் கப்பல் நேரப்படிதான், கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது.

படி 7: பயணம் மாறும் நாள்

ஒரு பயணம் முடிந்து அடுத்தது தொடங்கும் நாளில், தங்குபவர்களும் பெரும்பாலும் ஒருமுறை இறங்கிக் குடியேற்றச் சோதனை முடித்து ஏற வேண்டும். நெட் பேக்கேஜ் காலையிலேயே முடிந்துவிடும், புதியது பிற்பகலில்தான். அன்று அரைநாள் விடுப்பு போட்டுவிடுங்கள். அப்புறம், அவசரகாலப் பயிற்சி. பெரும்பாலான கப்பல்களில் ஒவ்வொரு பயணத்துக்கும் மறுபடி செய்தே ஆக வேண்டும், “போன வாரம்தான் செய்தேன்” என்பது எடுபடாது.

பின்சேர்க்கை: வங்கி ஓடிபி எஸ்எம்எஸ்ஸில்தானே வருகிறது, ஃப்ளைட் மோடில் எப்படி வரும் என்று இருவர் கேட்டிருந்தார்கள். ஃப்ளைட் மோடை அணைத்தால் வரும், ஆனால் போன் கப்பலின் கடல்வழி நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ரோமிங் திட்டத்தில் அது சேராது, பில் மயக்கம் போட வைக்கும். வைஃபை காலிங் (டவர் இல்லாமல் வைஃபையிலேயே போன் பேசும் வசதி) வழியாக எஸ்எம்எஸ் வருகிறதா என்று கரையிலேயே சோதித்துப் பாருங்கள். வராவிட்டால் வங்கி வேலையைத் துறைமுக நாளுக்கு ஒதுக்குங்கள்.

இன்னொன்று: கப்பல்கள் பொதுவாகச் சில வருடங்களுக்கு ஒருமுறை உலர்துறைக்கு (தண்ணீரை வடித்துக் கப்பலின் அடிப்பகுதியைச் சோதித்துப் பழுதுபார்க்கும் இடம்) போக வேண்டும். அப்போது பயணிகள் யாருக்கும் இடமில்லை. நீண்ட காலத்துக்குப் பதிவு செய்யும் முன் அந்தத் தேதியைக் கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் விட்டதால், அடுத்த மாதம் இரண்டு வாரத்துக்கு இப்போதுதான் கரையில் அறை தேடிக்கொண்டிருக்கிறேன்.