குறும்படக்காரர்களே, சோப்பு டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டில், 1995-இல் நடக்கிற கதை ஒன்றை எனக்குத் தெரிந்த பையன்கள் குறும்படமாக எடுத்தார்கள். குளியலறை மாடத்தில் சோப்பு டப்பா, பவுடர் டின், கொடியில் ஷாம்பு பாக்கெட் சரம், எல்லாம் கச்சிதம். எடிட்டிங்கில் பெரிதாக்கிப் பார்த்தால் பாக்கெட்டில் புது ரூபாய்க் குறி! அந்தக் குறி வந்ததே 2010 ஜூலையில்தான்.

பழைய காலக் காட்சி என்றால் பொருளின் பின்பக்கத்தை முதலில் படியுங்கள். விலை, க்யூஆர் கோடு, இணைய முகவரி, இந்த மூன்றும்தான் காட்டிக் கொடுக்கும். ஷாம்பு பாக்கெட் 80-களிலேயே கடைகளில் தொங்கியதுதான், அதில் தப்பில்லை. சரத்தைத் திருப்பிப் போடுங்கள், அல்லது கேமராவிலிருந்து தள்ளி வையுங்கள்.

அப்புறம் ஷேவிங் காட்சி. நம்ம ஊர் மே மாத வெயிலில், விளக்கும் சேர்ந்தால், முகத்து நுரை நாலு வசனத்துக்குள் காய்ந்து பொருக்காகிவிடும். ஒவ்வொரு டேக்குக்கும் துடைத்துப் புதிதாகப் பூசவேண்டும். எந்தக் கன்னத்தில் எதுவரை மழித்தார் என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஷாட்டில் நுரை இடம் மாறிவிடும். ரேசரில் பிளேடு வேண்டாம், கழற்றிவிடுங்கள். நுரைக்குள் யாருக்கும் தெரியாது.

கண்ணாடியில் விளக்கு மின்னினால் காய்ந்த சோப்பை லேசாகத் தேய்த்துத் துணியால் பரப்பிவிடுங்கள். வீட்டுக்காரம்மா பார்ப்பதற்குள் துடைத்துவிட வேண்டும், அது தனிக் கதை.