தோட்டத்துக்கு எத்தனை யூனிட் செம்மண்?

வீட்டு முன்புறத்தில் தோட்டம் போடுகிறவர்கள் எவ்வளவு மண் வேண்டும் என்பதை வண்டிக்காரரிடமே கேட்டுவிடுகிறார்கள். அவர் கணக்கில் பெரும்பாலும் ஒரு நடை கூடுதலாகவே இருக்கும். தமிழ்நாட்டில் செம்மண்ணை யூனிட் கணக்கில் விற்கிறார்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, 100ஆல் வகுத்தால் தேவை தெரிந்துவிடும். பெருக்கலைவிட அளப்பதில்தான் பிழை நேர்கிறது.

செங்கல் வைத்து 12 அடி நீளம், 4 அடி அகலம், 9 அங்குல உயரத்தில் நான் முதன்முதலில் பாத்தி கட்டியபோது, டேப்பை வெளிப்புறமாகப் பிடித்து 36 கன அடி என்று குறித்துக்கொண்டேன். நாலரை அங்குலச் சுவர் நான்கு பக்கமும் இடத்தை எடுத்துக்கொண்டதால், உள்ளளவு பதினொன்றேகால் அடிக்கு மூன்றேகால் அடியாகச் சுருங்கி, ஏறத்தாழ இருபத்தேழரை கன அடியே கொண்டது. மிஞ்சிய மண் மழை வரும்வரை வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது. அங்குலத்தை அடியாக்கும்போது 12ஆல் வகுக்க வேண்டும். 9 அங்குலம் என்பது 0.75 அடியே தவிர 0.9 அடி அன்று.

வண்டியில் வரும் மண் பொலபொலவென்று இருக்கும். தண்ணீர் விட்டதும் படிந்து இறங்கிவிடும் என்பதால், நான் கால் பங்கு சேர்த்தே கணக்கிடுகிறேன். மேற்சொன்ன பாத்திக்கு அப்படிப் பார்த்தால் சுமார் 34 கன அடி வரும். அது முழுவதும் செம்மண்ணாக இருக்கத் தேவையில்லை: இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம் என்று கலந்தால் செம்மண் 17 கன அடி போதும், அரை யூனிட்கூட ஆகாது.

தரையை மேடாக்குவதானால் ஆழம் இடத்துக்கு இடம் மாறும். வேண்டிய மட்டத்தில் நூல் கட்டி, நூலிலிருந்து தரைவரை ஒன்பது இடங்களிலாவது அளந்து சராசரி எடுக்க வேண்டும். 30 அடிக்கு 20 அடி முற்றத்தில் சராசரி அரை அடி என்றால் 300 கன அடி. படிவுக்கும் சேர்த்தால் 375, அதாவது மூன்றே முக்கால் யூனிட்.

வண்டி வந்ததும் மண்ணைக் கொட்டச் சொல்வதற்கு முன், தொட்டியின் உள்ளளவையும் மண் நிற்கும் உயரத்தையும் அளந்துவிடுங்கள். கொட்டிய குவியலை வைத்து வாதாட முடியாது.